பழைய அடுக்களையில் விறகடுப்புச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்று உள்ளது. அதன் அடுக்களையைக் கட்டிய காலத்தில் இருந்தபடியே பேணி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வரை வந்து, விறகு மூட்டி, அம்மியில் அரைத்து, மண்சட்டியில் சமைத்து, அங்கேயே உண்டு செல்ல ஏற்பாடு செய்து வருகிறோம். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது மியூசியமா, சமையல் கிளாஸா?

இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் நிறுவி, அந்தக் காலத்து வேலைகளை அங்கே மனிதர்கள் செய்து காட்டும் முறையை, 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் உலகறியச் செய்தது. நம் பக்கத்தில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளை அவ்வாறு பெயர்த்து எழுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரே வீடு. அதுவும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது.

சமையல் கிளாஸ் என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணம், நாங்கள் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுப்பதில்லை என்பதே. குழம்பின் பக்குவம் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். இங்கே கற்க வேண்டியது தீயை. ஒரு முழு நாளில் பாதி அதற்கே போய்விடும்.

பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே ஊட்டுப்புரையிலேயே நடத்தலாமே?

அரண்மனையில் தீ மூட்ட முடியாது. பெரும்பகுதி மரத்தால் ஆன கட்டடம் அது. அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. ஆனால் இங்கே வருமுன் ஊட்டுப்புரையை ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படி எல்லோரிடமும் சொல்கிறேன் (திங்கட்கிழமை விடுமுறை). இரண்டு தளங்களிலுமாக ஏறத்தாழ 2000 பேருக்கு ஒரே வேளையில் அன்னம் படைக்கப்பட்ட கூடம் அது. அங்கிருக்கும் ஊறுகாய்ப் பரணிகளின் வயிற்றைப் பார்த்தாலே, அத்தனை பேருக்கு ஆக்கிப் போடுவதற்கு எத்தனை வண்டி விறகு எரிந்திருக்கும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தோடு எங்கள் மூன்று அடுப்புகளைப் பார்ப்பது நல்லது.

ஏன் 1900 என்று ஒரு வருஷத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்கள்? 'அந்தக் காலம்' என்றால் போதாதா?

போதாது. 'அந்தக் காலம்' என்பது எதையும் போட்டு வைக்கும் சாக்கு. ஒருவருக்கு அது 1960-களில் பாட்டி வைத்த கருவாட்டுக் குழம்பு, இன்னொருவருக்குச் சங்ககாலம். எங்கள் வீட்டு உத்தரத்தில் 1075 என்று செதுக்கியிருக்கிறது. அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கும் அந்தக் கணக்கின்படி, 1899 ஆவணியிலிருந்து 1900 ஆடி வரையிலான காலம். மூலம் திருநாள் ஆண்ட திருவிதாங்கூரின் பகுதியாக இந்த ஊர் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று.

ஓர் ஆண்டை உறுதி செய்துவிட்டால், அடுக்களைக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் 'நீ அப்போது இங்கே இருந்தாயா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அலுமினியப் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலப் படம் எடுப்பவர்கள்கூட அதை அடுப்பின் மேல் வைத்துவிடுகிறார்கள். ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியதே 1898-இல். இரண்டே ஆண்டுகளில் அது தக்கலையைத் தாண்டி ஒரு வேளாண் குடும்பத்தின் அடுக்களைக்குள் நுழைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆகவே எங்களிடம் மண், வெண்கலம், செம்பு, இரும்பு, கல், மரம், சிரட்டை ஆகியவை மட்டுமே உண்டு.

எனக்கு கேஸ் அடுப்பிலேயே சரியாகச் சமைக்க வராது. வரலாமா?

தாராளமாக. சொல்லப்போனால், சமையலில் கை தேர்ந்தவர்கள்தான் முதல் ஒரு மணி நேரம் அதிகம் திணறுகிறார்கள். அவர்களுடைய கை அடிக்கடி இல்லாத குமிழைத் தேடுகிறது.

என்ன டிரஸ் போட்டு வரணும்?

பருத்தி மட்டும். நைலான், பாலியஸ்டர், தொங்கும் துப்பட்டா, அகலக் கை வைத்த சட்டை எதுவும் வேண்டாம். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சேலை உடுத்துபவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். பழைய படங்களில் அப்படித்தான் செருகியிருப்பார்கள்.

விறகு நாங்கள் கொண்டு வரலாமா? எங்கள் தோட்டத்தில் ரப்பர் விறகு நிறையக் கிடக்கிறது.

ரப்பர் விறகு நன்றாகவே எரியும்; நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இன்று பாதி அடுப்புகளும் டீக்கடைகளும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் திருவிதாங்கூரில் ரப்பர்த் தோட்டங்கள் வேர்பிடித்தது இருபதாம் நூற்றாண்டில். எங்கள் ஆண்டுக்கு அது ஒவ்வாது. புளி, மா, பலா, அயினி (காட்டுப்பலா), கொல்லாமரம் (முந்திரி) ஆகியவற்றின் காய்ந்த கொம்புகளைத்தான் பயன்படுத்துகிறோம். புளிய விறகு நின்று எரியும், கனலும் நெடுநேரம் தங்கும். மூட்டுவதற்குத் தென்னை தரும் பொருள்களே போதும்: கொதும்பு (பாளையின் மடல்), சில்லாட்டை (மட்டையடியின் நார்வலை), ஓலைச் சூட்டு (காய்ந்த ஓலைப் பந்தம்), சிரட்டை. கதம்பை (தேங்காய் மட்டை) புகையும், ஆனால் தணலை விடாது.

அரளிக் கொம்பைத் தவறியும் கொண்டுவரக் கூடாது. அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் இரண்டும் வேண்டாம். இடவப்பாதி (வைகாசி நடுவில் வரும்) மழைக்கு முன்னரே விறகைப் பிளந்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஏற்றிவிட வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு மழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு என்பதால், பரண் இல்லாத அடுக்களையில் ஆண்டின் பாதி நாள் ஈர விறகோடு மல்லுக்கட்டுவதாகவே கழியும்.

தீ பிடிக்கவே மாட்டேங்குது. ஊதி ஊதித் தலை சுத்துது. என்ன தப்பு?

மூன்று தவறுகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது, எல்லா விறகையும் ஒரே நேரத்தில் திணிப்பது. அடுப்பின் வாய் முழுக்க விறகு அடைத்துக்கொண்டால் காற்று நுழைய வழியில்லை. இரண்டு விறகை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக, நடுவில் கை நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டாவது, சாம்பலைச் சுத்தமாக வாரிவிடுவது. இரண்டு விரல் உயரச் சாம்பல் அடியில் கிடக்க வேண்டும். அதுதான் கனலைத் தாங்கி, சூட்டைத் தரைக்குப் போகவிடாமல் மேலே அனுப்பும்.

மூன்றாவது, ஊதும் இடம். பெரும்பாலோர் சுவாலையைப் பார்த்து ஊதுகிறார்கள், சுவாலை அணைந்துவிடுகிறது. ஊதுகுழலின் முனையைச் சாம்பலுக்குச் சற்று மேலே, செந்நிறமாகக் கனியும் இடத்துக்கு நேராகப் பிடித்து, நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். கண் எரியும்படி வெள்ளைப் புகை அடர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டாம். விறகிலிருந்து வெளியேறி இன்னும் எரியாமல் போகும் ஆவி அது. அந்தப் புகைக்கு அடியில் ஒரு சிறு ஓலைச் சூட்டைக் கொளுத்திப் பிடித்தால் 'குப்' என்று புகையே தீயாக மாறும். அந்த ஓசை வரும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒருமுறை பின்வாங்குவார்கள். பிறகு அடுத்த அடுப்பையும் தாமே மூட்ட வேண்டும் என்று கேட்பார்கள்.

சிம்மில் வைக்கச் சொன்னால் எப்படி வைப்பது?

விறகடுப்பில் சூட்டைக் குறைக்க நான்கு வழிகள் உண்டு: விறகை இழுப்பது, கனலைப் பரப்புவது, பாத்திரத்தை நகர்த்துவது, பாத்திரத்தையே இறக்கிவிடுவது. அரிசி பொங்கி வரும் கணத்தில் ஒரு விறகை ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டால் பொங்கல் அடங்கும். இழுத்த விறகின் நுனி புகைந்தால் சாம்பலில் குத்தி அணைக்கலாம். தண்ணீர் தெளித்தால் பரணில் இருக்கும் எல்லாம் கரிப்புகை பிடிக்கும், உங்கள் முகமும் சேர்த்துத்தான்.

எங்கள் அடுக்களையில் உள்ளது ஒரு முதன்மை அடுப்பும், அதன் அருகே விறகு வைக்காத கொடியடுப்பும். முதன்மை அடுப்பின் சுவாலை உள்வழியாகப் புகுந்து கொடியடுப்பைச் சூடாக்கும். பருப்பு, தீயல் (வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பு), பாயசம் போன்ற பொறுமையான வேலைகளுக்கு அது போதும். மூன்றாவது அடுப்பில் எரிந்து முடிந்த கனல் மட்டும் கிடக்கும். சக்கைக் கொட்டையை (பலாக்கொட்டையை) சாம்பலில் புதைத்துச் சுடுவது அங்கேதான்.

சூடு எவ்வளவு என்று அறிய, பாத்திரம் உட்காரும் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் சோற்றுச் சூடு. ஐந்து வரை தாங்கினால் குழம்புச் சூடு. எட்டுக்கு மேலானால் பாயசச் சூடு. இந்த எண்கள் எங்கள் அடுப்புக்கும் என் கைக்கும் உரியவை. உங்கள் கணக்கு இரண்டாவது வருகையில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களில் சட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சமைக்கிறார்களே, நம்மிடம் ஏன் அது இல்லை?

அங்கே அடுப்பு என்பது சுவரில் குடைந்து புகைபோக்கி வைத்த கணப்பு. வீட்டைச் சூடாக்குவதும் அதன் வேலை. ஆகவே நெருப்பு பெரிதாக, நிலையாக எரியும். சுழலும் இரும்புக் கையில் சட்டியைத் தொங்கவிட்டு உயரத்தை மாற்றிச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். நம் பக்கத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. நெருப்பு சட்டியின் அளவே இருந்தால் போதும். சட்டி அடுப்பு விளிம்பிலுள்ள மூன்று மண் குமிழ்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் சட்டியை நகர்த்துகிறார்கள், நாம் விறகை நகர்த்துகிறோம். மூடியின் மேல் கனலைக் கொட்டி மேலும் கீழும் சூடேற்றும் உத்தி மட்டும் இரண்டு இடங்களிலும் உண்டு.

மண்சட்டி வாங்கின அன்றைக்கே உடைஞ்சு போச்சு. சட்டி சரியில்லையா?

சட்டி சரியாகவே இருந்திருக்கும், பழக்காமல் ஏற்றியிருப்பீர்கள். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு கஞ்சித் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் கஞ்சியின் பசை மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். அதற்குப் பிறகே புளியும் எண்ணெயும்.

பழகிய சட்டியும் திடீர்ச் சூட்டுமாற்றத்தைத் தாங்காது. சென்ற ஆண்டு ஒருவர் தாம் வைத்த அயிலைக் குழம்பின் அழகைப் படம் பிடிப்பதற்காக, கொதிக்கும் சட்டியைத் தூக்கி, மழையில் நனைந்த சிமென்ட் படிக்கட்டில் வைத்தார். 'டிக்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். சட்டியைத் தூக்கியபோது வாயும் விலாவும் கையோடு வந்தன. அடிப்பகுதி மட்டும் ஒரு தட்டுப் போல முழுசாகப் படியில் உட்கார்ந்திருந்தது, குழம்பு படி இறங்கிப் போயிற்று. சுவரில் மாட்டியிருக்கும் பிரிமணைகள் (சட்டியை இறக்கி வைக்கும் வளையங்கள்) அலங்காரத்துக்கு அல்ல என்பதை அன்று எல்லோரும் கற்றோம்.

வெண்கல உருளி, செம்புப் பாத்திரம் எதில் வேண்டுமானாலும் புளிக்குழம்பு வைக்கலாமா?

கூடாது. பூச்சில்லாத செம்பிலும் பித்தளையிலும் புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும். உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், தேய்ந்தால் மறுபடியும் பூச வேண்டும். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம்; நஞ்சான காரீயம் அன்று. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கல உருளி கனமானது, சூட்டைச் சீராகப் பரப்பும். அதனால் பாயசத்துக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. புளிக்கறிக்கும் மீனுக்கும் மண்சட்டியே.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஒருமுறை ஒருவர் தம் பாட்டியின் ஈயச் சொம்பை ஆசையோடு எடுத்து வந்து, ரசத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் வெறும் சொம்பை அடுப்பில் விட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது சாம்பலில் வெள்ளியைப் போல ஒரு குட்டை மின்னியது. அவருக்கு ஆறுதல் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. குடும்பப் பாத்திரங்களைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) அனுமதிக்கிறீர்கள், தக்காளியை அனுமதிக்கவில்லை. இரண்டுமே வெளிநாட்டுச் சரக்குதானே?

சரியான கேள்வி. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. மிளகாயும் கொல்லாம்பழமும் அப்படியே. ஆனால் நாங்கள் கேட்பது 'எங்கிருந்து வந்தது?' என்று அல்ல. மேலே சொன்னபடி, '1075-இல் இந்த வீட்டில் இருந்ததா?' என்பதே. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள், ஏழைகளின் பசிக்கு உதவும் என்று மரச்சீனி பயிரிடுவதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். ஆகவே 1900-இல் அது இங்கே உண்டு. 1942-இல் பர்மா அரிசி நின்றபோது, அந்தக் கிழங்குதான் இந்த ஊர்களைக் காப்பாற்றியது. தக்காளியோ இந்தப் பக்கத்துக் கூட்டான்களில் (குழம்பு, கறிகளில்) இடம்பிடித்தது வெகு பின்னால். புளிப்புக்கு இங்கே வாளன்புளி, குடம்புளி, மாங்காய் என்று ஏற்கெனவே ஆள் இருந்தது.

மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக வந்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் வரலாற்றை நம் பேச்சே பதிந்து வைத்திருக்கிறது: பழையதை 'நல்லமிளகு' என்றும், வந்ததை 'வத்தல் மிளகு' என்றும் இந்த ஊரில் சொல்கிறோம். வந்தவன் பெயரைப் பங்கு கேட்டதால், இருந்தவன் 'நல்ல' என்று ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மரச்சீனி பற்றி ஒரு குறிப்பு: மூடாமல், நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு. பழைய ஆட்கள் காரணம் தெரியாமலே செய்த சரியான காரியங்களில் இதுவும் ஒன்று.

எத்தனை டம்ளர் அரிசி, எத்தனை டம்ளர் தண்ணீர்?

டம்ளர் இல்லை, நாழியும் உழக்கும் உண்டு. நான்கு உழக்கு ஒரு நாழி, நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. ஆனால் ஒரே பெயருள்ள அளவு ஊருக்கு ஊர் வேறு கொள்ளளவு பிடித்தது என்பதால், பழைய குறிப்பில் 'ஒரு நாழி' என்று கண்டால் எந்த ஊர் நாழி என்று கேட்க வேண்டும். தண்ணீருக்கு அளவே கிடையாது. தீட்டாத சிவப்புச் சம்பா புழுங்கலரிசி வேகும் நேரம் தீயைப் பொறுத்தது. நிறைய வைத்து, பருக்கை ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்து வடிப்பதுதான் முறை.

அம்மியில் அரைத்தால்தான் தீயல் நன்றாக வருமா, மிக்சியில் அரைத்தால் என்ன?

வீட்டில் மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு குற்றமும் இல்லை. இங்கே அம்மிதான். கருக வறுத்த தேங்காயை அம்மியில் இழுக்கும்போது முதலில் அது மணல் போலவும், பிறகு ஈர மண் போலவும் இருக்கும். பிறகு திடீரென்று எண்ணெய் விட்டுக் குழவியின் அடியில் மினுங்கத் தொடங்கும். தண்ணீர் ஒரு துளிகூட ஊற்றாமல் அந்த நிலைக்கு வர எங்கள் வீட்டில் அரை மணி நேரம் ஆகிறது. பத்துப் பேருக்கான தீயலுக்கு மூன்று பேர் மாறி மாறி அரைக்க வேண்டியிருக்கிறது. உள்ளித் தீயல் ஏன் அன்றாடக் கூட்டானாக இல்லை என்பது மூன்றாவது ஆளுக்குப் புரிந்துவிடும்.

விறகடுப்பில் வைத்தால் ருசி தனி என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். மூடிய பாத்திரத்தில் வேகும் சோற்றுக்குப் புகை ஏறுவதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு உண்டால் கேஸ் அடுப்புச் சோற்றையும் இதையும் பிரித்தறிய என்னால் முடியவில்லை. நாங்கள் சோதித்துப் பார்த்தோம். சுட்ட மரச்சீனி, சுட்ட கருவாடு, கனலில் வாட்டிய பப்படம் ஆகியவற்றில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மீன் குழம்பு மறுநாள் நன்றாக இருப்பதற்கு மண்சட்டி மெதுவாக ஆறுவதும், புளியும் காரமும் இரவெல்லாம் மீனில் ஊறுவதும்தான் காரணம். விறகுக்கு அதில் பங்கு குறைவு. பிற்பகல் இரண்டு மணி வரை பசியோடு காத்திருந்து உண்பதும் ருசியில் ஒரு பெரும் பங்கு என்பது என் கருத்து.

புகை உடம்புக்குக் கெடுதல் இல்லையா? எங்கள் அம்மா அதில்தான் இருமி இருமியே...

கெடுதல்தான், அதை மறைக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் உண்டாகும் காற்று மாசு 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நுரையீரல், இதயம், கண் ஆகிய மூன்றையும் அது தாக்குகிறது. மாதம் ஒரு ஞாயிறு அடுப்படியில் நிற்பதும் நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் நிற்பதும் ஒன்றாகா. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் முற்றத்தில் இருந்து பார்த்தால் போதும்.

உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் கேஸ் அடுப்பு வந்த நாளில் பட்ட மகிழ்ச்சியை, இந்த வீட்டின் சுற்றுலாச் சிறப்பைச் சொல்லிக் குறைத்துவிட நான் விரும்பவில்லை. எங்கள் அத்தை இந்த அடுக்களைக்குள் வரும்போதெல்லாம், "இதை எதுக்குடே திரும்பக் கொண்டு வாறிய?" என்று கேட்கிறார். அவருக்கு இன்னும் நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? சுட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பெற்றோருடன் வரலாம். தீப்பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், மை எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டுகளில் பட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். சட்டியில் எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடுவதே வழி. தண்ணீர் ஊற்றினால் தீ கூரை ஏறும்.

தீயணைப்பான் மாட்டி வைத்திருக்கிறீர்கள், எல்இடி பல்பு எரிகிறது. இதில் எங்கே 1900?

ஒப்புக்கொள்கிறேன். தீயணைப்பான், பல்பு, கைகழுவும் சோப்பு, குடிக்கும் தண்ணீர் ஆகிய நான்கும் இன்றையவை. அவை இன்றையவை என்று காலையிலேயே சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் செய்வதுதான் ஏமாற்று. தீப்பெட்டி உண்டு, ஏனெனில் 1900-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிகள் இறக்குமதியாகின. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920-களில்தான். ஆனால் அப்போது குச்சியைச் செலவழிக்க யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் புகை தெரிந்தால் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கனல் வாங்கி வந்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்த அடுக்களைக்குள் எங்களை விட்டிருப்பார்களா?

இதைக் கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: இன்று இங்கே சமைக்க வருகிறவர்களில் பெரும்பாலோரை 1075-இல் இந்த வீடு முற்றத்துக்கு அப்பாலேயே நிறுத்தியிருக்கும். ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்கான போராட்டத்தின் பிறகு, 1859-இல் அரசாணை வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன; கோயில் நுழைவு அறிவிப்புக்கு 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊட்டுப்புரையின் 2000 இலைகளும் எல்லோருக்கும் விரிக்கப்பட்டவை அல்ல. அதே மண்ணில், அதற்கும் முன்பே, சுவாமித்தோப்பில் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கச் செய்து, சேர்ந்து உண்ண வைத்தார் என்பதும் இந்த மாவட்டத்தின் அடுப்பு வரலாற்றில் சேர வேண்டியதே.

ஆகவே நாங்கள் அந்தக் காலத்து அடுப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். பந்தி முறையை எடுத்துக்கொள்ளவில்லை. சமைத்தவர்கள் கடைசியில் உண்ணும் வழக்கத்தையும் சேர்த்துத்தான் விட்டிருக்கிறோம். பரிமாறும் வேலை முறை வைத்து மாறுகிறது.

ஆடி மாசம் ஏன் நடத்துவதில்லை?

காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் முப்பந்தலில் காற்றாலைகள் சுழலலாம். எங்கள் அடுப்பு சுழலக் கூடாது.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று செங்கல் வைத்துச் செய்து பார்க்கலாமா?

செய்யலாம். மண்டைக்காட்டு மாசிக் கொடையின்போது திறந்த வெளியில் பெண்கள் வரிசையாகப் பொங்கலிடுவதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. தளத்தின் மேல் நேரடியாக மூட்டினால் சிமென்ட் வெடிக்கும்; அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணல் பரப்புங்கள். மூன்று கல்லின் வழியே பெரும்பகுதிச் சூடு பக்கவாட்டில் வீணாகிப் போகும் என்பதால், காற்று வரும் திசையில் ஓர் ஓட்டுத் துண்டையோ தகரத்தையோ நிறுத்தி வையுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் ஈரச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி ஒட்டாமல் கழுவும்போதே வந்துவிடும். மழை வந்தால் கனலை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

எல்லாம் முடிந்தபின் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாமா?

உங்கள் மாடியில் ஊற்றி அணையுங்கள். இங்கே வேண்டாம், சூடான மண் அடுப்பில் தண்ணீர் பட்டால் குமிழ் விண்டுவிடும். எரியும் விறகுகளை வெளியே இழுத்துச் சாம்பலில் குத்தி அணைத்து, கனலை நடுவில் குவித்து, அதன் மேல் சாம்பலைப் போர்வை போல மூடிவிடுகிறோம். இரவில் ஒருவர் வீட்டில் தங்குகிறார். மறுநாள் காலை குச்சியால் கிளறினால் அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுக்காவது சிவப்பு இருக்கும். ஒரு சில்லாட்டையை அதன் மேல் வைத்து, முன்பு சொன்ன இடத்தில் ஊத வேண்டும்.